பேஸ் ஒரு நூல் முந்துது

உங்கள் ரெக்கார்டரில் லெவல் கூடுதலாக இருக்கிறது தம்பி. நான் பேசும்போதெல்லாம் அந்தச் சிவப்பு விளக்கு எரிகிறது பாருங்கள். கொஞ்சம் இறக்கி வையுங்கள், பச்சையில் ஆடினால் போதும். பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டுத்தானே எழுதப் போகிறீர்கள். காது பத்திரம்.

டீயைக் குடியுங்கள், ஆறிவிடும். மதி–ஸ்டான்லி பற்றி எழுத ஒருவர் திருச்சியிலிருந்து பஸ் ஏறி வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. கேசட் போய்ச் சேர்ந்து வருடக்கணக்காகிறது. திண்டுக்கல்லில் உட்கார்ந்து டிஸ்கோ பாட்டுப் போட்ட இரண்டு பேரை இப்போது யார் தேடுகிறார்கள்? நீங்கள் தேடி வந்திருக்கிறீர்கள், சந்தோஷம். உள்ளே வரும்போது ஸ்டான்லியைப் பார்த்திருப்பீர்கள். முன் அறையில் ஸ்பீக்கர் பெட்டி மேல் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்திருந்தானே, அவன்தான். நீங்கள் வணக்கம் சொன்னது அவனுக்குக் கேட்டிருக்காது. அவனுக்குக் காது போய்விட்டது. எப்படிப் போனது என்று வாசலிலேயே கேட்டீர்கள். சொல்கிறேன். முதலில் இருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

நான் மதியழகன், சாணார்பட்டிப் பக்கம். வீட்டில் தக்காளியும் மல்லிகையும் விவசாயம். எனக்கு மண் ஒத்துவரவில்லை, பாட்டுக்கு அடிச் சத்தம் கொடுக்கிற பேஸ் கிடார்தான் ஒத்துவந்தது. ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தபோது கீபோர்டுக்கு வந்து சேர்ந்தவன் ஸ்டான்லி. திண்டுக்கல் டவுன் பையன், மாதா கோயில் பாடல் குழுவில் வளர்ந்தவன். கச்சேரி முடிந்து வேனில் திரும்பும்போது எல்லோரும் தூங்குவார்கள், நாங்கள் இரண்டு பேர் மட்டும் பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வருவோம். அதற்கு முன்னால் எனக்கு யாரும் சிநேகிதன் இருந்ததில்லை. இருந்த மாதிரி தோன்றியது, அவ்வளவுதான்.

கொடைரோடு ஸ்டேஷனுக்கு வெளியே சௌகத் அலி பாய் ஒரு பழைய சாமான் கடை வைத்திருந்தார். கொடைக்கானலில் படித்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஊர் திரும்பும்போது கழித்துவிட்டுப் போகிற ஸ்வெட்டர், பூட்ஸ், டென்னிஸ் மட்டை எல்லாம் அங்கே வரும். கேசட்டும் வரும். பாதிக்கு மேல் அட்டை இருக்காது, யார் பாடியது என்று தெரியாது. ஒரு தடவை அப்படி ஒன்றை வாங்கி வந்து போட்டோம். ஒரு பெண் குரல். கீழே பேஸும் டிரம்மும் ஆடச் சொல்கின்றன, மேலே அவள் பிழைக்க வழியில்லாதவள் மாதிரி கதறுகிறாள். ஸ்டான்லி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முடிந்ததும் சொன்னான்.

“இது கோயில்ல பாடுன பொம்பளடா. கோயில்ல இருந்து எந்திரிச்சு வந்து ஆடுறா. அழுதுகிட்டே ஆடுற பாட்டு. நம்ம ஊருக்கு இதுதான்டா சரி.”

அப்படி ஆரம்பித்ததுதான். பேகம்பூரில் ரஹ்மத்துல்லா பாயின் மூடிக்கிடந்த தோல் கிடங்கில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கினோம். சுவரெல்லாம் முட்டை அட்டையும் கயிற்றுப் பாயும் அடித்தோம். எவ்வளவு ஊதுவத்தி கொளுத்தினாலும் தோல் வாடை போகவில்லை. பாட வருகிற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, ஸ்டான்லி மெட்டைப் பாடிக் காட்டியதும் கையை எடுத்துவிடுவார்கள். மெட்டும் வார்த்தையும் அவன். பேஸ், ரிதம் மிஷின், ரெக்கார்டிங், மிக்ஸிங் நான். கோயில் திருவிழா, மாதா தேர், ஜவுளிக்கடை விளம்பரம், எலெக்ஷன் என்று எது வந்தாலும் போட்டுக் கொடுத்தோம். அதற்கு நடுவில் எங்களுக்காக எங்கள் பாட்டையும் போட்டோம். எரியோட்டில் டீச்சராக இருந்த ரோஸ்மேரிதான் எங்களுக்கு முக்கியமான குரல். தொண்ணூற்று நாலில் அவள் பாடிய ‘பூட்டிட்டுப் போனவனே’ வந்தது. வேடசந்தூர் ரூட்டில் அந்தப் பாட்டு ஓடாத பஸ் இல்லை. கல்யாண வீட்டில் கிழவர்கள்கூட துண்டைச் சுழற்றினார்கள். பாட்டைக் கேட்டால் புருஷன் ஓடிப்போன பெண்ணின் ஒப்பாரி. அதுதான் ஸ்டான்லி.

அடுத்த வருடம் ரோஸ்மேரியை அவன் கட்டிக்கொண்டான். நீங்கள் இப்போது நினைப்பது எனக்குத் தெரிகிறது தம்பி. அது இல்லை. அவள் எனக்குத் தங்கச்சி மாதிரி. கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் நான்தான்.

அவன் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழனி பஸ் ஹாரன் அடித்தால் என்ன சுருதி என்று சொல்வான். டேப் ரெக்கார்டரில் பேட்டரி இறங்குவது நமக்குத் தெரிவதற்கு ரொம்ப முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும். என் பேஸும் அப்படித்தான். நான் நன்றாகவே வாசிப்பேன், மதுரையில் கேட்டுப் பாருங்கள். ஆனால் ஒரு டேக் பதிந்து முடிந்ததும் அவன் தலையைச் சாய்ப்பான். “ஏலே மதி, பேஸ் ஒரு நூல் முந்துதுடா” என்பான். தச்சர்கள் சொல்கிற நூல். அடிக்கோலில் கண்ணுக்கு மட்டும் தெரிகிற அளவு, அவ்வளவுதான் தாளத்துக்கு முன்னால் போவேனாம். திரும்ப வாசிப்பேன். “இப்பவும் முந்துது. சாணார்பட்டிக்குக் கடைசி பஸ்ஸப் பிடிக்கப் போறவன் மாதிரியே வாசிக்கிறான்யா.” பாட வந்தவர்கள், ரோஸ்மேரி, டீ கொண்டு வந்தவர் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இருந்ததில்லை. இதை எழுதும்போது மறக்காமல் எழுதுங்கள்.

தொண்ணூற்றாறில் சென்னையிலிருந்து ஆள் வந்தது. ஒரு பெரிய இசையமைப்பாளரிடம் வேலை பார்ப்பவர். எங்கள் கேசட்டை எங்கேயோ டீக்கடையில் கேட்டிருக்கிறார்கள். மெட்டுப் போட்டவர் யார் என்று கேட்டார். ஸ்டான்லியை நான்தான் கைகாட்டினேன். வந்து பார்க்கச் சொன்னார். என்னைப் பார்த்து, “நீங்க சவுண்டு பார்க்கிறவரா?” என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

ஸ்டான்லி போய்விட்டுத் திரும்பினான். எனக்கு ஒரு டி-ஷர்ட் வாங்கி வந்திருந்தான். என்ன ஆச்சு என்று கேட்டேன். “சும்மா பாத்துட்டு வந்தேன்டா, பெரிய எடம்” என்றான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சிநேகிதன் மனசு நோகக் கூடாது என்று மறைக்கிறான், ஈஸ்டர் முடிந்ததும் மூட்டை கட்டிவிடுவான் என்று நான் புரிந்துகொண்டேன். சாணார்பட்டிக்குப் போய்த் தக்காளிக் கூடை சுமக்கிற மாதிரி தினமும் நினைப்பு வந்தது. அவன் இல்லாமல் நான் யார்? சவுண்டு பார்க்கிறவன். அதுவரை நான் அழுததில்லை. அந்த வாரம் கிடங்குக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

எங்கள் வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். பாட்டுக்குப் பாடகி வருவதற்கு முன்னால் ஸ்டான்லி அந்தப் பாட்டை மாதிரிக்கு ஒரு தடவை பாடி வைப்பான். அதற்கு ட்ராக் பாடுவது என்று பெயர். பிறகு பாடகி வந்து அதைக் கேட்டுப் பாடுவாள், இவன் குரலை அழித்துவிடுவோம். ட்ராக் பாட அவன் பீரோ அளவுக்கு ஒரு கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். உள்ளே மைக், ஹெட்போன் இரண்டுதான். ரிதமும் பேஸும் ஹெட்போனில் வரும். அதற்கு எவ்வளவு சத்தம் என்பதைத் தீர்மானிக்கும் திருகு வெளியே, என் கைப்பக்கம். ஒரு நாளைக்கு ஐந்து மணி, ஆறு மணி நேரம் அவன் அப்படி இருப்பான்.

மதுரையில் ஒரு ஸ்டுடியோ என்ஜினியர் எப்போதோ என்னைத் திட்டியிருந்தார். “ஹெட்போன்ல இம்புட்டு வைக்காதப்பு. வலிச்சாத்தான் கெடுதல்னு நெனைக்காத. வலிக்காமலே போயிரும். போனா வராது.” நல்ல மனிதர். அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை.

முதல் நாள் திருகை ஒரு துளி ஏற்றினேன். “கொஞ்சம் கம்மி பண்ணுடா” என்றான். கம்மி பண்ணினேன். இரண்டு பாட்டுக் கழித்து மறுபடி அங்கே கொண்டுவந்து வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. காது அப்படித்தான் தம்பி, இன்றைக்கு அதிகமாகத் தெரிவது நாளைக்குச் சரியாகத் தெரியும். நான் அவசரப்படவில்லை. அந்த ஒரு காரியத்தில் நான் முந்தவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, மாதத்துக்கு ஒரு தடவை. அவனை முடமாக்க வேண்டும் என்றெல்லாம் எண்ணம் கிடையாது. சென்னையில் அவனைச் சோதித்துப் பார்க்கும்போது ஒரு மாற்றுக் குறைவாக இருந்தால் போதும், திரும்பி வந்துவிடுவான். அவ்வளவுதான் கணக்கு.

ஈஸ்டர் போனது. கிறிஸ்துமஸும் போனது. அவன் சென்னைக்குப் போகவில்லை. அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர்களுக்குப் பிறந்திருந்த பாப்பாவுக்குக் காய்ச்சல், மருந்து வாங்க அவன் வெளியே போயிருந்தான். கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டே ரோஸ்மேரி சொன்னாள்.

“இவரு மட்டும் அன்னைக்கு மெட்ராசுக்குச் சரின்னு சொல்லியிருந்தா இந்நேரம் எங்கயோ இருந்திருப்போம்ணே.”

“சொல்லலையா?”

“ஒங்ககிட்டச் சொல்லவே இல்லையா? அன்னைக்கே முடியாதுன்னுட்டு வந்துட்டாரு. மதி இல்லாம என்னால ஒரு பாட்டும் போட ஏலாது, கூப்பிட்டா ரெண்டு பேரையும் கூப்பிடுங்கன்னாராம். அவங்க சிரிச்சாங்களாம். ஒங்களுக்குத் தெரிஞ்சா நம்மளாலதான் கெட்டுச்சுன்னு வருத்தப்படுவீங்கன்னு சொல்லக்கூடாதுன்னாரு. நான் ஒரு ஓட்டவாயி.”

கண்ணீர் வந்தது. குழம்பு காரம் என்று சொன்னேன். அவள் தண்ணீர் எடுத்து வந்தாள்.

மறுநாள் காலையில் ஸ்டான்லி கூண்டுக்குள் போனான். நான் திருகை வழக்கமான இடத்தில் வைத்தேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள், முகத்தில் தெரிகிறது. யோசித்துப் பாருங்கள். அதற்குள் அவன் காது அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டது. திடீரென்று குறைத்தால், என்னடா இது என்று கேட்பான். கேட்டால் என்ன சொல்ல? ஒரு தடவை சரி என்று சொல்லாதவன் அடுத்த தடவை சொல்ல மாட்டான் என்று என்ன நிச்சயம்? குடும்பஸ்தன், பாப்பா வளர்கிறாள். நான் எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தேன்.

முதலில் அவன் காதில் போனது மேல் சத்தம், கீச்சென்று வருகிற ஒலிகள். ரிதம் மிஷினில் ஹை-ஹாட் என்று ஒன்று ‘ட்ஸ், ட்ஸ்’ என்று வரும். டிஸ்கோவுக்கு உயிரே அதுதான். “இது ஏன்டா இம்புட்டு மங்கலா இருக்கு? மிஷின் கெட்டுப்போச்சா?” என்றான். புது மிஷின் வாங்கினோம். அதுவும் மங்கல் என்றான். மேல் சத்தத்தை ஏற்றச் சொல்வான், இன்னும் ஏற்று, இன்னும் ஏற்று என்பான். நானும் ஏற்றினேன். அப்படிப் போட்ட இரண்டு கேசட்டும் கேட்டவர் காதைக் கிழித்தன. கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். பழனி பஸ்ஸுக்குச் சுருதி சொன்னவனைப் பற்றி, ஸ்டான்லிக்கு என்னமோ ஆச்சு, தண்ணி கிண்ணி போடுறானா என்று பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்க எனக்குச் சகிக்கவில்லை. அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானே உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப மிக்ஸ் செய்ய ஆரம்பித்தேன். பேஸைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து வைத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பாட்டில் ஏதோ ஒன்று இல்லை. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது, யாருக்கும் ஆட வரவில்லை, அழவும் வரவில்லை.

அவன் மகள் பெயர் ஏஞ்சலின். அவள் வளர்ந்து புது நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய அன்றைக்குக் கோயிலில் தனியாக ஒரு பாட்டுப் பாடுவதாக ஏற்பாடு. மெட்டு ஸ்டான்லி போட்டது. வெள்ளைக் கவுன், தலையில் பூ வளையம், மைக் முன்னால் நிற்கிறாள். நான் ஸ்டான்லி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை ஆரம்பித்துவிட்டாள். அம்மாவின் தொண்டை அப்படியே வந்திருந்தது. பின்னால் இருந்த ஒரு அம்மாள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஸ்டான்லி என் தொடையைத் தட்டினான்.

“ஏன்டா இன்னும் ஆரம்பிக்கல? பாப்பா எதுக்குச் சும்மா வாயத் தொறந்துகிட்டு நிக்குறா?”

நான் அவன் காதுக்குள் சத்தமாகச் சொன்னேன், “மைக் வேலை செய்யல.”

“எந்திரிச்சுப் போய்ப் பாருடா, புள்ள பயந்துரும்.”

நான் எழுந்து போய் ஆம்ப்ளிபையர் பக்கத்தில் நின்றேன். எல்லாம் சரியாக இருந்தது. திரும்பிப் பார்த்தபோது அவன் மகளைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தான். பிறகு தன் இரண்டு கையையும் காது மேல் வைத்து அழுத்தி, எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்தான். அந்த முகத்தை நான் மறக்கவில்லை தம்பி. எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. நான் கல் நெஞ்சுக்காரன் என்று எழுதிவிடாதீர்கள்.

மதுரையில் டாக்டர் சோதித்துவிட்டு, எந்த ஸ்பின்னிங் மில்லில் எத்தனை வருடம் வேலை பார்த்தார் என்று கேட்டார். பாட்டுக்காரர் என்று ரோஸ்மேரி சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். காது மிஷின் வாங்கி வைத்துப் பார்த்தோம், தகரத்தில் மணல் கொட்டுகிற மாதிரி இருக்கிறது என்று கழற்றி எறிந்துவிட்டான். வீட்டுக்கு வந்ததும் என் தோளில் சாய்ந்துகொண்டு, “ஒனக்கும் காது போயிருக்குமோடா, நீயும் அதே வேலதான பாத்த, போய்க் காட்டிரு” என்றான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் எப்போதும் பஞ்சு வைத்துக்கொள்வேன்.

அதற்குப் பிறகு அவனை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ரோஸ்மேரிக்குப் பள்ளிக்கூடம், பிள்ளைக்குப் படிப்பு. காலையில் போய் அவனைக் கூட்டி வருவேன், சாயங்காலம் கொண்டுபோய் விடுவேன். ஊரில் என்னைத் தெய்வம் என்கிறார்கள். என் உதட்டைப் பார்த்து நான் பேசுவதெல்லாம் புரிந்துகொள்வான், வேறு யார் பேசினாலும் பாதிதான். இப்போது நான் கதவுப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பது அதனால்தான்.

பெரிய ஸ்பீக்கரில் கை வைத்தால் அடிச் சத்தம் உள்ளங்கைக்குத் தெரியும். பேஸும் டிரம்மும் மட்டும். அவனுக்கு மிச்சம் அதுதான். தினமும் நான் ரிதமைப் போட்டுவிட்டு வாசிப்பேன். அவன் கையை வைத்துக்கொண்டு தலையை ஆட்டுவான், சில சமயம் உதடு அசையும், உள்ளே மெட்டுப் போட்டுக்கொண்டிருப்பான். இத்தனை வருடத்தில் அவன் என்னோடு இருந்த நேரத்தில் இதுதான் நல்ல நேரம். சென்னை இல்லை, பாடகிகள் இல்லை, சிரிக்க ஆள் இல்லை. நாங்கள் இரண்டு பேர்தான்.

போன வாரம் ‘பூட்டிட்டுப் போனவனே’ வாசித்தேன். முடிந்ததும் அவன் கண்ணைத் திறந்தான். முகமெல்லாம் சிரிப்பு. பெட்டியின் மேல் ஒரு தட்டுத் தட்டி, “ஏலே மதி, இன்னும் ஒரு நூல் முந்துதுடா” என்றான்.

நானும் சிரித்தேன். எனக்கு வருத்தம் எதுவும் இல்லை என்றுதான் முன்பே சொன்னேனே.

மறுநாள் அந்த ஸ்பீக்கரின் ஒயரைப் பின்னால் கழற்றி வைத்தேன். ஓயாமல் அதிர்கிற பெட்டியில் கையை வைத்திருந்தால் நரம்புக்கு ஆகாது, அவன் நல்லதுக்குத்தான். நான் எப்போதும் போல முன்னால் உட்கார்ந்து வாசிக்கிறேன், அவன் கையை வைக்கிறான். முதல் நாள் கையை எடுத்து உதறிப் பார்த்தான். வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். அப்புறம் மற்றக் கையை வைத்தான். என் உதட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

“என்னடா மதி, கையும் போயிருச்சா எனக்கு?”

அவனுக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னேன், “வயசாகுதுல்ல.”